பன்னிரண்டு புள்ளி இரண்டு

கல்யாணக் கார் அது. மே முதல் அக்டோபர் வரை
கொர்ச்சாவின் பாதி மணப்பெண்கள்
அதன் பின்சீட்டில்தான் ஊர் மாறுவார்கள்.
நவம்பர் முதல் தேதி போர்வை போர்த்தினேன்.
டயருக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று,
டேங்க் நிறைய பெட்ரோல்,
எலி வராமலிருக்க ஒரு கட்டுப் புதினா.
இவ்வளவும் செய்தவள்
எதையோ விட்டிருக்கிறேன்.

டிசம்பரில் சாவியைத் திருப்பினால்
ஒரு 'டிக்'.
முப்பது வருஷத்து மெர்சிடிஸ்,
தானே இழுத்துச் சாத்திக்கொள்ளும் கதவு,
இன்னும் மணம் போகாத தோல் இருக்கை,
அத்தனை கௌரவமும் சேர்ந்து
ஒரே ஒரு 'டிக்'.

மீட்டரை வைத்தேன்: நான்கு புள்ளி ஒன்று.
பன்னிரண்டுக்குக் கீழே பசி,
பத்துக்குக் கீழே மயக்கம்.
நான்குக்கு என்ன பெயர்?
காய்ச்சி வடித்த நீர் விற்கும்
மருந்துக்கடை பெத்ராக்கிடம் கேட்டேன்.
"பாதிரியாரைக் கூப்பிடு" என்றான்.

கழற்றும்போது மைனஸ் முதலில்,
மாட்டும்போது மைனஸ் கடைசியில்.
இதை நான் எழுதிவைத்ததில்லை.
ஒருமுறை ஸ்பானர் பாடியில் உரசி
மோதிரத்தோடு விரல் வெந்தது.
பிறகு மறந்ததுமில்லை,
மோதிரம் போட்டதுமில்லை.

முனைகளில் பூத்திருந்த பச்சையும் வெள்ளையும்
சோடா மாவுக்கும் வெந்நீருக்கும் நுரைத்து இறங்கின.
ஆறு மூடிகளையும் திருகி டார்ச் அடித்தேன்.
தகடுகள் தலை காய்ந்து நின்றன.
குழாய்த் தண்ணீர் ஆகாது;
ருசியே இல்லாத அந்த நீர்தான் அதற்குப் பிடிக்கும்,
தகடு மூழ்கும் மட்டும்.
மீதி, சார்ஜ் ஏறிய பிறகு.
சார்ஜரைக் குறைத்து வைத்தேன். இரண்டு இரவு.
பனி கொட்டியும் ஷெட் ஜன்னலைத் திறந்தே வைத்தேன்.
சிகரெட்டோடு எட்டிப் பார்த்த பெத்ராக்கை
துடைப்பத்தால் விரட்டினேன்.

ஏறியதெல்லாம் எங்கோ ஒழுகுமே?
கதவுகளைச் சாத்தி,
மைனஸ் கம்பிக்கும் முனைக்கும் நடுவே மீட்டரைக் கோத்து
அரைமணி நேரம் குளிரில் நின்றேன்.
தூங்கும் காரும் துளித்துளியாய்க் குடிக்கும், நியாயம்தான்,
கடிகாரத்துக்கு ஒரு துளி, அலாரத்துக்கு ஒரு துளி.
இது மடக்மடக்கென்று குடித்தது.
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
ஹார்ன், இல்லை. வைப்பர், இல்லை.
பதினோராவதில் எண் பொத்தென்று விழுந்தது.
உள்விளக்கு.

திரும்பச் செருகிவிட்டுப் பின்கதவைத் திறந்தேன்.
ஜன்னல் திரைகள் இழுத்தது இழுத்தபடி.
கூரையிலிருந்து இறங்கிய சின்னக் கண்ணாடி,
இரண்டு ஓரமும் இரண்டு பல்பு,
ஆளில்லாத இருக்கையைப் பார்த்து
எரிந்துகொண்டிருந்தது.

எர்மிரா.
அக்டோபர் கடைசி ஞாயிறு, போக்ராதெட்ஸ் வரை.
தாய்வீட்டு வாசலில் அழ வேண்டும், அழுதாள்.
ஏரி கண்ணில் படும் வளைவில்
கண்ணாடியை இறக்கி மை துடைத்தாள்.
சிரித்துப் பார்த்தாள்.
பிடிக்கவில்லை போல,
வேறொன்று சிரித்தாள்.
நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன்.
இறங்கியவள் திரும்பிப் பார்க்கவில்லை;
பார்க்காதே என்று சொல்லித்தான் அனுப்புவார்கள்.
கண்ணாடியை மூடு என்று
யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

கணக்குப் போட்டேன். ஐந்தாம் நாள் தீர்ந்திருக்கும்.
ஐந்து ராத்திரி, ஊர் அடங்கிய பின்பும்,
போர்வைக்குள்ளே அந்த வெளிச்சம்.

மூடினேன்.
ரேடியோ விழித்துக்கொண்டு நான்கு இலக்கம் கேட்டது.
அந்த அட்டை இத்தாலிக்குப் போனவன் பெட்டியில்.
கேட்டுக்கொண்டேயிரு என்றேன்.

காலையில் பன்னிரண்டு புள்ளி இரண்டு.
ஆறாவது இருக்க வேண்டும்; இரண்டுதான் நிற்கிறது.
புதிது வாங்கு என்கிறான் பெத்ராக்,
அவன் கடையில் பேட்டரி விற்பதில்லை, ஆகவே நம்பலாம்.
சாவியைத் திருப்பினேன்.
இழுத்தது. முனகியது. இன்னொரு இழுப்பு.
பிடித்துக்கொண்டது.

மேக்கு மட்டும் ஒன்பது கல்யாணம் குறித்திருக்கிறேன்.
இனி ஒவ்வொரு பெண்ணும் இறங்கிப் போன பிறகு
நானும் ஒருமுறை
பின்சீட்டில் உட்கார்ந்து எழ வேண்டும்.