காது தெரிய வேண்டும்

காலையில் விஸ்காம், மூன்றாம் ஆண்டு.
ஐந்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரி எதிர்ச்சந்தில்
தயாபரன் அண்ணன் ஸ்டூடியோ.

படத்தில் இருப்பது யார், எடுத்தது யார்,
சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டது யார்
என்று வினோலியா மேடம் பலகையில் எழுதினார்.
எழுதிக்கொண்டேன்.
அதே பக்கத்தின் கீழே, அதே பேனாவில்:
பாஸ்போர்ட் சைஸ் எட்டு, அறுபது ரூபாய்.
அவசரம் என்றால் எண்பது.
இந்தச் சந்தில் எல்லாருக்கும் அவசரம்.

'நம் ஊரின் பிம்பம்' என்று ஒரு அசைன்மென்ட்.
நாற்பது பேரில் முப்பத்தொரு பேர்
கோட்டை அகழியை எடுத்துவந்தார்கள்,
அதில் பத்து பேர் ஒரே கொக்கை.
நான் சொலவடையைக் கொண்டுபோனேன்:
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை,
அழகில்லாத பொண்ணுங்க.
கடைசிக்குப் பையன்கள் மேசையைத் தட்டினார்கள்.

சாமி திரும்பி வந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது.
பாலாறுகூட ஒரு நவம்பரில்
கரையை உடைத்துக்கொண்டு ஓடியது.
எங்கள் வரியை மட்டும் ஏன் ஒருத்தரும் திருத்தவில்லை
என்று கேட்டேன்.
"நல்ல கேள்வி. ஆயிரம் சொற்களில் எழுது" என்றார் மேடம்.
ரிஹானா என் பக்கம் குனிந்து,
"மொதல்ல சொன்னவன் மூஞ்சியப் பாக்கணும்டி" என்றாள்.

என் கல்லூரி அடையாள அட்டையில் இருப்பவள்
என்னைவிட இரண்டு புள்ளி வெளுப்பு.
அண்ணன் பாசத்தில் செய்தது.
அவளைக் காட்டித்தான் நான் நூலகத்துக்குள் போகிறேன்.
காவலாளி அவளுக்குத்தான் வழிவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த வங்காளி ஆறே சொல்.
உட்காருங்க. நேரா. கொஞ்சம்.
கண்ணாடியக் கழட்டுங்க. சிரிக்காதீங்க.
ஆறாவது, கான்.
முதல் வாரம் காட்டைக் கேட்கிறார்களோ என்று விழித்தேன்.
காதுதான்.
காது தெரிய வேண்டும்,
இல்லாவிட்டால் பாஸுக்குச் செல்லாது.

வியாழக்கிழமை மால்டாவிலிருந்து வந்தவர்
துண்டை அவிழ்த்தபோது
இடது தாடை இருந்த இடம் உள்வாங்கியிருந்தது.
கூட வந்தவள் பெயர் பிரதிமா, ரசீதில் எழுதிக்கொண்டேன்.
பாலிதீன் உறைக்குள்ளிருந்து அவள் எடுத்த படத்தில்
மீசை, முழுத் தாடை, பின்னால் உரக்கடை.
அதைத் திரையில் வைத்து அழுத்தினாள்.
இந்த முகம். இதைப் போடு.

மவுஸ் என் கையில் இருந்தது.
முடியும். ஐந்து நிமிட வேலை.
இதே இடத்தில் எத்தனையோ தழும்பை அழித்திருக்கிறேன்,
யாரும் கேட்காமலே.
வகுப்பென்றால் இரண்டு பக்கம் வாதாடியிருப்பேன்,
அழிப்பது வன்முறையா, கருணையா என்று.
இங்கே வாதாட வங்காளி இல்லை.
அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார்.

அவரே கை நீட்டிப்
பழைய படத்தை எடுத்து அவள் மடியில் கவிழ்த்து வைத்தார்.
சட்டைக் காலரை இழுத்துவிட்டார்.
ஸ்டூலில் நேராக உட்கார்ந்து,
காதை மறைத்த முடியைப் பின்னால் தள்ளிவிட்டு
என்னைப் பார்த்தார்.
நான் எதுவும் சொல்லவில்லை. ஆறில் ஒன்றும் தேவைப்படவில்லை.

எடுத்ததை எடுத்தபடி அச்சிட்டேன்.
திரும்பிவந்த அண்ணன் திரையைப் பார்த்து
"டச் அப் பண்ணலையா?" என்றார்.
பிறகு அவரே அறுபதுதான் வாங்கினார்.

செமஸ்டரில் பிரதிநிதித்துவம் வந்தது, பத்து மதிப்பெண்.
நோட்டில் இருந்ததையே எழுதினேன். ஏழு கிடைத்தது.
கொக்கு எடுத்தவனுக்கும் ஏழு.

ஆஸ்பத்திரிக்கு நாலு படம் போதும்.
பிரதிமா எட்டையும் கத்தரிக்கச் சொல்லி,
மிச்சம் நாலை
உரக்கடைப் படத்தோடு சேர்த்து உறைக்குள் வைத்தாள்.
யாருக்கு என்று கேட்க
என்னிடம் ஏழாவது சொல் இல்லை.