புக்கோமுக்குப் பாதி வழியில்

காலை ஒன்பது பத்து.
பாசிர் பாஞ்சாங் துறை பின்னால் சிறுத்துக்கொண்டிருந்தது.
படகில் பெயின்ட் டின், நைலான் கயிறு,
கூரைக்கு நாலு தகரத் தகடு,
நாங்கள் ஆறு பேர்.

காற்றே இல்லை. அதுதான் விசேஷம்.
எங்கள் கடலில் அது வரப் புயல் வேண்டாம்.
இரவெல்லாம் ஆறாத வெதுவெதுப்பு,
அதன்மேல் அவசரமாய் வளரும் ஒரு மேகம்,
திசை தெரியாமல் மோதிக்கொள்ளும் இரண்டு இளங்காற்று,
போதும்.

முதலில் தண்ணீரில் ஒரு கறுப்பு வட்டம்,
யாரோ ஈரக் குவளையை வைத்து எடுத்ததுபோல்.
பிறகு அதைச் சுற்றித் தூறல் எழும்பியது.
பிறகுதான் மேலிருந்து அந்தத் தண்டு,
கொஞ்சம் சாய்ந்து, சாவகாசமாய்,
நங்கூரமிட்ட கப்பல்களுக்கு நடுவே
வழி கேட்டபடி வந்தது.

"பூத்திங் பெலியோங்" என்றார் படகோட்டி ருஸ்லி.
அதன் போக்குக்குக் குறுக்கே சுக்கானைத் திருப்பினார்.
எல்லாக் கையிலும் தொலைபேசி.

மேகம் கடலை முகந்து குடிக்கும் என்று
பள்ளியில் செய்யுள் ஒப்பித்தவன் நான்.
குடிக்கவில்லை.
அந்தத் தண்டில் இருப்பது கடலே இல்லை,
குளிர்ந்து வெளுத்த ஈரக்காற்று.
அடியில் மட்டும்தான் உப்பு.

ஷஃபிகுல் படம் எடுக்கவில்லை.
அதற்கு முதுகைக் காட்டிக் குந்தித்
தகடுகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் ஊர் மாணிக்கஞ்ச் பக்கம்.
அங்கே அது தரையில் நடக்கும்.
சித்திரையில், சாயங்காலத்தில்,
மேற்கின் வறட்டுக் காற்றும் வங்கக் கடலின் ஈரமும்
தடுக்க ஒரு குன்றுமில்லாத வயல்வெளியில்
முட்டிக்கொள்ளும்.
ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு
பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் லுங்கியை
அப்படியே விட்டுப் போகுமாம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று
ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வாய் தவறிச் சொன்னேன்.
எங்களிடம் கற்ற பாதித் தமிழில்
"இல்ல அண்ணே, அம்மி அங்கயே இருந்துச்சு,
வீடு போச்சு" என்றான்.
காற்று வெட்டாது, தகரம்தான் வெட்டும் என்றான்.
அக்காவைப் பற்றி
அதற்குமேல் அவன் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை.

எண்ணெய்த் தொட்டிகள் பக்கமாய் வந்தது.
கரைக்கு இன்னும் கொஞ்சம் இருக்கையில்
இடுப்பு மெலிந்து, கயிறாகி, நெளிந்து,
நடுவில் அறுந்தது.
கீழ்ப்பாதி தண்ணீரில் சரிய
மேல்பாதி மேகத்துக்குள் ஏறிக்கொண்டது.
கோவின் காணொளியில் பதினோரு நிமிடம்.
அப்புறம் மழை. வெறும் மழை.

தீவில் தகடுகளை இறக்கப் போனால்
ஒவ்வொன்றிலும் ஆறு முடிச்சு,
நனைந்து இறுகிய நைலான்.
கத்தி கேட்டோம். தரவில்லை.
கயிறு வீணாகுமாம்.

மண்டியிட்டு, நகத்தால் நெம்பி,
ஆளுக்கொரு மூலையாய் அவிழ்த்தோம்.
எவ்வளவு நேரம் என்று
யாரும் படம் எடுக்கவில்லை.