மேலுக்கு

முக்கூடல் தாண்டி மூன்றாவது நிறுத்தம்,
துணை சுகாதார நிலையம், புதன்கிழமை.
பேராச்சி எட்டாவது தடவையாகப்
பெருவிரலை வைக்கிறாள். கருவி ஏற்கவில்லை.
இருபத்தாறு வருசம் பீடி இலை மடித்து
ரேகை போன விரல்.
ஈரத்துணியால் துடைத்தேன்.
தலைமுடியில் தேய்த்து வைக்கச் சொன்னேன்.
சரி, போனுக்கு எண் வரட்டும் என்றால்
போன் திருப்பூரில் இருக்கிறது,
மகன் சட்டைப்பையில், இரண்டாம் ஷிப்டில்.

அடையாளம் இல்லாமல் அழைப்பு இல்லை என்பது விதி.
என் எண்ணைப் போட்டுவிடுவது வழக்கம்.
இந்த மாதம் மட்டும் எனக்குச்
சர்க்கரை, இழுப்பு, மூன்று கர்ப்பம்.

டாக்டர் வந்தார். சின்னப் பெண், நல்ல பெண்தான்.
"என்ன பண்ணுது?"
"மேலுக்கு முடியல தாயி."
"மேலன்னா? தலையா, நெஞ்சா?"
பேராச்சி என்னைப் பார்த்தாள்.
எங்கள் பக்கம் மேல் என்றால் உடம்பு,
தலை நனைக்காமல் குளித்தால்
மேலுக்குக் குளித்தேன் என்போம்.
இதைச் சொல்வதற்குள் ஆடிக் காற்றில் சிக்னல் முறிந்து
பாதி திறந்த வாயோடு டாக்டர் உறைந்துபோனார்.

கதவு வைக்க நிதி வராத வாசலில்
ஒன்பது பேர் காது கொடுத்து நின்றார்கள்.
ஆகவே உள்ளதை என் காதோடு சொன்னாள்:
தீட்டு நின்று ஆறு வருசம்,
நாலு மாதமாய் மறுபடி ரத்தம்.

படம் திரும்பியபோது
சத்து மாத்திரை எழுதியாகிவிட்டது.
நான் சொன்னேன். டாக்டர் முகம் மாறியது.
"இதை நேர்ல பாக்கணும் சிஸ்டர், ஒடனே..."
மறுபடியும் சக்கரம் சுற்றியது.

பச்சை எழுத்து: ஆலோசனை நிறைவு.
இரண்டு நிமிடம் தாண்டினால் கணக்கில் வரும்,
உறைந்த நேரமும் சேர்த்து நாலரை.
மாவட்டத்தில் நாங்கள் இரண்டாமிடம்,
போன கூட்டத்தில் கைதட்டினார்கள்.
குறிப்புப் பெட்டியில்
'ரத்தம், உள்பரிசோதனை வேண்'
அதற்கப்புறம் எழுத்து ஏறவில்லை.

"என்ன சொல்லுதாவ?" என்றாள்.
ஹைகிரவுண்டு போகணும் என்றேன்.
பார்க்க ஒருநாள், ரிசல்ட் வாங்க ஒருநாள்.
விரல் மடக்கி எண்ணினாள்:
ரெண்டாயிரம் பீடி.
"தட்டு குறைஞ்சா கம்பெனியில ஏசுவான் தாயி,
மாத்திரையக் குடு, பாப்போம்."

வெள்ளிக்கிழமை ஆறரை பஸ்ஸுக்கு
நிற்கச் சொல்லியிருக்கிறேன். நிற்பாளா தெரியாது.
எனக்கு ஒருநாள் விடுப்பு வேண்டும்.
அதற்கும் அதே டேப்லெட்தான்,
காரணம் கேட்கிற கட்டம்.
மேலுக்கு முடியவில்லை என்று எழுதினேன்.