கூட்டக் குறிப்பு

முதல் கூட்டம் நெல் களஞ்சியத்தில்.
மூட்டைகள் போன பிறகும் உமி போகவில்லை.
உபவேந்தர் "இன்று" என்று தொடங்கித் தும்மினார்.
பதிவாளர் தும்மினார்.
மொழித்துறைக்கு வந்த பேராசிரியர் தவநேசலிங்கம் ஏழு தரம்.
நான் எண்ணினேன்.
எண்ணுவதற்கும் எழுதுவதற்கும்தான் எனக்குச் சம்பளம்.

கதிரைகள் இருபத்தெட்டு.
பன்னிரண்டு கோயிலுடையவை, மிச்சம் மாதர் சங்கத்துடையவை.
மருத்துவ பீடாதிபதி சாய்ந்திருந்தது
'அமரர் கந்தப்போடி ஞாபகார்த்தம்' என்ற
வெள்ளைப் பெயின்ற் எழுத்தில்.

அன்று தீர்மானித்தவை:
விவசாயம், விஞ்ஞானம், மருத்துவம், கலை,
வாவியும் கரையோரமும் என்று இன்னொரு பீடம்
(அந்தப் பெயரில் இரண்டு 'உம்' வேணுமா என்று அரை மணித்தியாலம்),
அதோடு,
ஐந்து வருஷத்துக்கு இங்கே ஒருவரும்
பாடும் மீனைப் பற்றி ஆய்வு செய்யக் கூடாது.
பிரேரித்தவர் பௌதிகவியல் கலாநிதி றிஸ்மியா உதுமாலெவ்வை.
ஏகமனதாக நிறைவேறியது.
சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

குளிர்ப்பெட்டி கார்த்திகையில் வந்தது.
மறை எண்பது பாகை. விலை
ஒரு மாட்டின் விலையல்ல, ஒரு பட்டியின் விலை.
குருமண்வெளித் துறையில் பாதை காத்துக் கிடந்தது.
எங்களுக்குப் பாதை என்றால் தண்ணீரில் மிதப்பது.
ஏறியவை: மூன்று மோட்டார் சைக்கிள்,
கல்யாணத்துக்குப் போகிற ஒரு கூட்டம்,
நடுவில் தாற்பாய் போர்த்திய பெட்டி.
"படுவான்கரைக்குக் குளிரும் இப்ப
எழுவான்கரையிலிருந்துதான் வரணுமாக்கும்"
என்றான் பாதைக்காரன்.
நடுவாவியில் மழை.
தாற்பாய் காற்றில் எழும்ப, மணப்பெண்ணின் தாய்மாமன்
தன் குடையைப் பெட்டிக்குப் பிடித்தார்,
பட்டுச் சால்வை நனைய நனைய.
பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன்.
நன்கொடையாளர் பட்டியலில் அதனால் அவர் இல்லை.

தை பிறந்து மண்ணியல் கட்டடத்துக்குத் துளை போட்டார்கள்.
ஒன்றாம் துளை: களி.
இரண்டாம் துளை: களி, கீழே மணல்.
மூன்றாம் துளையில்,
தொண்ணூறு சென்ரிமீற்றரில் வந்த மண்ணைத்
தட்டில் நீட்டிவைத்த மாணவன் டிலக்சன்
அப்படியே நின்றான். பிறகு கையுறையைக் கழற்றினான்.

ஒரு பொத்தான். நாலு கண்.
பக்கத்தில் இன்னொன்று,
அதைப் பொத்தான் என்று சொல்ல முடியாது.

சேட்டு ஒன்றுக்கு ஏழு பொத்தான்.
நானும் ஒரு டசினில் ஏழு தைத்தவள்.
மிச்சம் ஐந்து வீட்டில் கிடக்குது.

அவசரக் கூட்டம்.
மண்ணியல் சொன்னது: இது மண் அல்ல.
தொல்லியல் சொன்னது: இது போதிய அளவு பழசு அல்ல.
மருத்துவம் சொன்னது: நீதவானுடைய கட்டளை வேணும்.
தவநேசலிங்கம் வாயைத் திறந்து, மூடி,
யன்னலுக்கு வெளியே பார்த்தார்.
சட்டத்துக்கு எங்களிடம் பீடம் இல்லை,
அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் இருக்கு.
அன்றைக்கு ஒருவரும் தும்மவில்லை.

நீதவான் வந்தார், பார்த்தார், திகதி போட்டார்.
பொலிசார் கட்டிய மஞ்சள் நாடாவில்
பாதியை மாடு தின்றது.
நான் தட்டச்சில் ஏற்றியது இவ்வளவும்தான்:
'அத்திவாரம் நாற்பது மீற்றர் கிழக்கே நகர்த்தப்படும்.
காரணம்: மண்ணின் தன்மை.'
அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை.

கட்டடம் எழும்பிவிட்டது. நல்ல கட்டடம்.
வளாகப் படத்தில் அந்த இடத்துக்குப் பெயர்
'எதிர்கால விரிவாக்கம்'.
மறை எண்பதில் நெல் விதை இருக்கு,
இறாலைக் கொல்கிற வைரஸ் இருக்கு,
கீழ்த் தட்டில், இலக்கம் மட்டும் எழுதிய
ஒரு சின்னப் பை இருக்கு.
கரண்ட் போனால்
ஜெனறேற்றர் முதலில் அந்த அறைக்குத்தான்.

எப்படித் தெரிந்ததோ, வரத் தொடங்கிவிட்டார்கள்.
வெல்லாவெளியிலிருந்து, அதற்கும் அங்காலிருந்து,
பை ஒன்றில் படமும் பிறப்புச் சான்றிதழும்.
வாசல் காவலாளி புத்தகத்தை நீட்டுகிறான்:
பெயர், ஊர், வந்த நேரம்,
எந்தப் பீடம்.

பேனையை வைத்துக்கொண்டு அவ
எங்கள் பெயர்ப்பலகைகளை வாசிக்கிறா,
ஒவ்வொன்றாய், எழுத்துக் கூட்டி.