மிச்சம் ஏழரை

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
சார்ஜென்ட் அவென்யூவில் என் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு
இரவல் கோட்டுக்குள் மூழ்கிய ஒருத்தி வந்தாள்.
கையுறை கழற்றவே ஒரு நிமிடம் ஆயிற்று.
பெயர் மத்தில்டே தியுல். ஊர் குவாத்தமாலாவின் மலைப்பக்கம்.
நாற்பத்தாறு வீடு சேர்ந்த ஏலக்காய்க் கூட்டுறவு.
கூட வந்த தேவாலயத்துப் பையன்
அவள் ஸ்பானிஷை ஆங்கிலமாக்க,
நான் அதை மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டேன்.
மூன்று மொழி கடந்தும் சேதாரமில்லாமல்
வந்து சேர்ந்தது வாசம் மட்டும்.

நான் வியாபாரி.
வாசத்துக்கு மயங்கினால் வாடகை கட்ட முடியாது.
"என்ன விலை?" என்றேன்.
அவள் என் அலமாரியைக் காட்டி
"அது என்ன விலை?" என்றாள்.

நூறு கிராம், எட்டு டாலர் தொண்ணூற்றொன்பது.
டொரண்டோ மொத்த வியாபாரியின் சரக்கு.
பொட்டலத்தைத் திருப்பினாள்.
எறும்பு எழுத்தில் அவள் நாட்டின் பெயர்.
கேட்டவர்களிடமெல்லாம் நான்
போடிநாயக்கனூர் என்று சொல்லியிருக்கிறேன்.

பேனா கேட்டாள். காகிதம் நீட்டினேன், வாங்கவில்லை.
உள்ளங்கையில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.
ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ.
அந்த ஐந்து கிலோவுக்குப் போன பருவம் அவளுக்குக் கிடைத்தது
உங்கள் இந்த ஒரு பொட்டலத்தின் விலை.
ஒரு கிலோவில் பத்துப் பொட்டலம், என்றாள்.
அதற்குமேல் கணக்கு என் பாடு.

"மலைக்கு வந்து எடை போடுகிறவரை
நாங்கள் கொயோட்டே என்போம். தராசும் அவருடையதே."
"இங்கேயும் உண்டு," சிரித்தேன்,
"ராத்திரி கடைக்குப் பின்னால் குப்பைத்தொட்டிக்கு வரும்."
பையன் மொழிபெயர்த்தான்.
அவள் சிரிக்கவில்லை.
என் தராசைப் பார்த்தாள்.

நாற்பது பொட்டலம் எடுத்தேன்.
இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்:
பேரம் பேசினேன்; அவள் இறங்கவில்லை;
பாதிப் பணம் முன்னாலேயே வேண்டும் என்றாள்.
இறங்கியது நான்.
பன்னிரண்டரை டாலர். மேலே ஓர் அட்டை:
இதில் ஐந்து டாலர் விளைவித்தவருக்கு.

பொங்கலுக்கு இரண்டு நாள்.
வெல்லமும் முந்திரியும் பறந்தன.
அட்டைக்குக் கீழே அசைவே இல்லை.
"தோலுக்குத் தங்கமுலாம் பூசியிருக்கா?" என்றார் வைதேகி.
ஒருவர் அட்டையைப் படம் பிடித்தார்,
நல்ல காரியம் என்றார்,
மலிவானதை எடுத்துக்கொண்டு போனார்.
பேருந்து ஓட்டும் நல்லமுத்துதான்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பொறுமையாய்ப் படித்தார்.
"அஞ்சு அவங்களுக்கு. சரி.
மிச்சம் ஏழரை யாருக்கு?"

ஏழரை.
சனியே வாய் திறந்து கேட்டதுபோல் இருந்தது.

ஷட்டரை இறக்கிவிட்டுப் புது அட்டை வெட்டினேன்.
விளைவித்தவருக்கு ஐந்து.
கப்பல், லாரி, சுங்கம், உறை: மூன்று நாற்பது.
வாடகை, விளக்கு, ஹீட்டர்: இரண்டு அறுபது.
எனக்கு ஒன்று ஐம்பது.
'எனக்கு' என்று எழுதும்போது கை கூசியது,
உள்பனியனைத் தெருக்கொடியில் காயப்போட்ட மாதிரி.

பிறகு பக்கத்துப் பெட்டிக்கும் ஒன்று வெட்டினேன்,
அந்த எட்டுத் தொண்ணூற்றொன்பதுக்கு.
எனக்கு இரண்டு இருபது.
ஆமாம், மலிவில்தான் எனக்கு லாபம்.
விளைவித்தவருக்கு?
மத்தில்டேயின் உள்ளங்கை நினைவிருந்தது,
ஆனால் அது அவள் கணக்கு.
இந்தக் காய் யார் மலையுடையதோ.

காலையில் டொரண்டோவுக்குப் போன் போட்டேன்.
"விளைவிச்சவங்களுக்கு எவ்வளவு போகுது?"
"யாருக்கு?" என்றது மறுமுனை.

அந்த வரியைக் காலியாகவே விட்டு மாட்டினேன்.

இன்றுவரை பதினேழு பொட்டலம் போயிருக்கிறது.
பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் வருகிறவர்கள் நிற்பதென்னவோ
அந்தக் காலி வரிக்கு முன்னால்தான்.
சிலர் விரலால் தடவியும் பார்க்கிறார்கள்,
எழுதியது அழிந்துவிட்டதோ என்று.