ஒரு கிழமை வொறன்ரி

கஸ்தூரியார் வீதியில் புதுசுக்குச் சொன்ன விலை
என் இரண்டு மாதச் சம்பளம்.
மூன்றாம் கடையில் டிலோஜன்
லாச்சியைத் திறந்து
பழைய துணியில் சுற்றியதை எடுத்தான்.
"நாலு ஜீபி அக்கா. பாவிச்சதுதான்,
பிட்கொயின் தோண்டின காட் இல்லை."
மணந்து பார்த்தேன்.
கருகல் இல்லை, செம்மண் தூசிதான்.
பதினெட்டாயிரம். பதினாறரைக்கு இறங்கினான்,
ஒரு கிழமை வொறன்ரி.

பெட்டிக்குள் அடங்கவில்லை,
அரை விரல் நீளம் கூட.
தகட்டை நெளித்து
மூடாமலே விட்டேன்.

இரண்டு விசிறியில் ஒன்று சுற்றாது;
ஈர்க்கால் ஒருக்கால் தட்டிவிட்டால்
பிறகு நிற்காது.

ஆறு நாளாக
யாரோ கட்டப்போகும் வீட்டின் மாடிப்படிக்கு
வெயில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.
நாளைக்கு வொறன்ரி முடியும்.
இரவு கரண்ட் போகாமல் இருந்தால்
நிழலும் விழும்.