ஆடி

வண்ணார்பேட்டைத் தரகர்
சாவியைக் கையில் வாங்கக்கூட இல்லை.
"ரெண்டே முக்கால். இந்தச் செவப்புக்கு அதுவே ஜாஸ்தி."
தானம் என்பது பெரிய வார்த்தை.
எனக்கு வந்தது கோபம்.

அன்று சாயங்காலமே
ஐகிரவுண்டுக்குப் பின்னால்
டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்கும் அறக்கட்டளை வாசலில்
கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்,
முகத்தில் நாலு வளையம் மாட்டிய
என் சின்னக் காரை.

ஒரு நில வழக்கு ஜெயித்த ஃபீஸ் அது.
பதினோரு வருஷம் முன்னால்.
ஆண் வக்கீல்கள் அதைச் சுற்றிவந்து பார்ப்பதைக்
கோர்ட்டு மாடி ஜன்னலில் நின்று நான் பார்ப்பேன்.
அதற்காகத்தான் வாங்கினேன் என்று
இப்போது ஒப்புக்கொண்டால் என்ன, தண்டனையா?

ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார்.
பொருளாய்க் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாதாம்.
அறக்கட்டளை ஜொகரா
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்:
"அக்கா, யானையக் குடுத்திருக்கிய.
தீனியும் சேத்துக் குடுத்தா நல்லாருக்கும்."

படிவம் இருபத்தொன்பது, முப்பது.
கையெழுத்து, கையெழுத்து.
டாஷ்போர்டிலிருந்து எடுத்தது:
கம்மல் திருகாணி ஒன்று, பழைய வழக்குப் பட்டியல்,
ஏலக்காய் நாலு.
எடுக்க மறந்தது:
முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சுங்க வில்லை.

செவ்வாய், அதிகாலை நான்கு பத்து.
தலைமாட்டில் போன் அதிர்ந்தது.
நாங்குநேரி சுங்கச்சாவடி. உங்கள் கணக்கில் பிடித்தம்.
பதினொன்றுக்குத் திரும்பும்போது இன்னொன்று.
வியாழன். சனி. மறுபடி செவ்வாய்.

நிறுத்தச் சொல்லலாம் என்று எண்ணைப் போட்டேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தினேன். பாட்டு வந்தது.
வைத்துவிட்டு
ஐந்நூறு ரூபாய் ஏற்றினேன்.

"எங்க மேடம் உங்க ஆடி?"
"சர்வீஸில் இருக்கு" என்றேன்.
பொய் இல்லை.

ஒருநாள் ஓட்டுநர் சிலுவை அந்தோணியே கூப்பிட்டான்:
"தரையோட தரையா கெடக்கு மேடம் ஒங்க வண்டி.
டீச்சர ஏத்தி எறக்குறது கெணத்துல வாளி விடுத மாதிரி.
வேகத்தட ஒண்ணு விடாம வயித்துல தட்டுது.
ஆனா பணகுடி காத்தாலைக் காட்டுக்குள்ள
ஆடிக் காத்து அடிச்சா ஆம்னி ஆடும் பாத்துக்கிடுங்க,
இந்த ஆடி ஆடாது."
அவன் சொன்னதற்கு அவனே சிரித்தான்.
"காவக்கெணறுல ஏறுனா
டீச்சர் தூங்கிருதாவ மேடம்.
ஆம்னில ஒருநாளும் தூங்குனதில்ல."

கணக்கு டீச்சரா, தமிழ் டீச்சரா,
நான் கேட்கவில்லை.
நாங்குநேரியில் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது
பாளையங்கோட்டையில் நான் விழித்திருந்தேன்,
வாரத்துக்கு மூன்று நாள்.
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, இரவு ஒன்று ஐம்பத்திரண்டு.
நாங்குநேரி.
ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு.
திரும்பும் செய்தி மறுநாள் மாலைதான் வந்தது.

செவ்வாய் நான்கு பத்து, ஒன்றும் இல்லை.
நான்கு பதினைந்து. நான்கரை.
தெருவில் பால்வண்டி.
வியாழனும் இல்லை.
முப்பது வருஷமாய்க் கூண்டில் நிற்பவரைக்
கேள்வி கேட்டே பிழைத்தவள்,
அந்தோணியின் எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு
கேட்காமல் இருந்தேன்.
கணக்கில் முந்நூற்றுப் பதினைந்து ரூபாய்
அப்படியே கிடந்தது.

அடுத்த செவ்வாய்.
வெளியே நல்ல மழை.
மூன்று முப்பத்தைந்துக்குப் போன் அதிர்ந்தது.
நாங்குநேரி.

முப்பத்தைந்து நிமிஷம் முன்னதாக.
அப்படியானால் இன்னும் தூரத்து ஊர்.
கூட்டப்புளியா, பெருமணலா,
கடற்கரையிலிருந்து யாரோ,
ஈரச் செருப்போடு அந்தக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறார்.

விளக்கைப் போடாமல்
ஐந்நூறு ரூபாய் ஏற்றினேன்.
விடிந்ததும் அந்தோணியிடம் கேட்க வேண்டும்,
புதியவருக்குத் தூக்கம் வருகிறதா என்று.